துணியைப் பார்த்த கண்: தரப் பரிசோதனை பற்றிச் சில குறிப்புகள்

1991 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜேர்மனியின் ரூர் பிரதேசத்திலிருந்த ஆடை இறக்குமதிக் கொம்பனியொன்றின் களஞ்சியத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வேலை அனுமதி கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து லொறியில் வரும் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்க வேண்டும், எண்ண வேண்டும், விலைச்சீட்டுக் குத்தி மறுபடி அடுக்க வேண்டும். ஒருநாள் நான் பிரித்த பெட்டியில் ஆண்களின் சேர்ட்டுகள் இருந்தன. கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் இலங்கையில் தயாரிக்கப்பட்டது என்ற துண்டு தைக்கப்பட்டிருந்தது. பைக்குள் பெருவிரல் நகமளவில் ஒரு காகிதம். அதில் 17 என்ற இலக்கம் மட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை என்னோடு வேலைசெய்த அண்ணை ஒருவர் கண்டுவிட்டார்.

"என்ன தம்பி, உதுக்குள்ளை கடிதம் ஏதும் வந்திருக்கோ? தையலைப் பார், பொத்தானை எண்ணு, கட்டு. உது அங்கை பாத்த ஆளின்ர நம்பர்."

அங்கே ஒருவர் பார்த்ததை இங்கே நான் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு யுத்தமும் இரண்டு கடல்களும் இருந்தன. அந்த ஆள் என்னத்தைப் பார்த்திருப்பார், என்னத்தைப் பார்க்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. இக்கட்டுரை அதைப் பின்தொடர்ந்து நான் வாசித்தவற்றினதும் கேட்டவற்றினதும் தொகுப்பு.

இதை இப்போது எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை வழங்கியது, 2010 ஓகஸ்டில் நிறுத்தியது, 2017 மேயில் திரும்பக் கொடுத்தது. இக்காலம் முழுவதும் எமது கூட்டங்களில் ஆடை ஏற்றுமதி பற்றி ஓயாது பேசினோம். 2009இன் பின் இலங்கையில் தைத்த உடுப்புகளைப் புறக்கணிக்கும்படி கடை வாசல்களில் துண்டுப்பிரசுரம் கொடுத்தவர்களும் எம்மிடையே உள்ளனர். அவர்களது நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்களில் உடுப்பு இருந்தது, அரசு இருந்தது. தைத்தவர் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கண்காணாத தேசத்தில் நின்று ஒரு பண்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தின் ஓர் அத்தியாயம் தமிழ்க் கரையில் நடந்தது.

ஆங்கிலேயர் 'பாக்டரி' என்று முதலிற் சொன்னது பொருள் செய்யும் இடத்தையல்ல. 'பாக்டர்' என்றால் கொம்பனியின் முகவர். அவர் தங்கிச் சரக்கு வாங்கும் பண்டகசாலைதான் பாக்டரி. 1611இல் மசூலிப்பட்டினத்தில் அவர்கள் அமைத்ததும், 1639இல் சென்னையில் இடம் பெற்றுக் கட்டியதும் இப்படிப்பட்டவைதான். பிரான்சிஸ் டே அந்த மணற்கரையைத் தெரிந்தெடுத்ததற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று, அவ்விடத்தில் துணி மற்ற இடங்களைவிட ஐந்திலொரு பங்கு மலிவு என்பது. ஆக, அக்காலத்துக் கடல்கடந்த பாக்டரியில் உற்பத்தி எதுவும் நடக்கவில்லை. நடந்தது கொள்வனவும் பரிசோதனையும்.

அது எவ்வாறு நடந்தது? காசி வீரண்ணா போன்ற பெருவணிகர்களுடன் கொம்பனி ஒப்பந்தம் செய்யும். மாதிரித்துணி ஒன்று முத்திரையிடப்பட்டுக் கோட்டையில் இருக்கும். வணிகர் முற்பணத்தை ஊர்களில் உள்ள நெசவாளருக்குப் பகிர்ந்து கொடுப்பர். மாதங்கள் கழித்துத் துணி கோட்டைக்கு வரும்போது நீளமும் அகலமும் அளக்கப்படும். நெருக்கம் மாதிரியுடன் ஒப்பிடப்படும். பாவின் நெருக்கத்துக்குப் 'புஞ்சம்' என்ற கணக்கு இருந்தது. ஒரு புஞ்சம் 120 இழை. புஞ்சம் கூடக்கூடத் துணி நுண்மையாகும், விலை ஏறும். பரிசோதனை முடிவில் துணிகள் முதற்தரம், இரண்டாந்தரம் என்று பிரிக்கப்பட்டு, தரம் இறங்கியவற்றுக்கு விலை குறைக்கப்படும். மாதிரிக்கு ஒவ்வாதவை வணிகரிடமே திரும்பும். இந்தத் தரம்பிரிப்பைப் பற்றிய பிணக்குகள் கோட்டையின் பதிவேடுகளில் நிரம்பக் கிடக்கின்றன. விலையை ஒப்பந்தத்தில் நிர்ணயித்தபின், அதைக் குறைப்பதற்கு எஞ்சியிருந்த வழி தரம்பிரிக்கும் மேசைதான்.

ஆனாலும் அந்த மேசைக்கு ஓர் எல்லை இருந்தது. திரும்பிவந்த துணியை வாங்க வேறு ஆட்கள் இருந்தனர். நாகபட்டினத்தில் ஒல்லாந்தர், தரங்கம்பாடியில் டேனியர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், இவர்கள் எல்லோருக்கும் மேலாக உள்நாட்டுச் சந்தை. பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட தென்னிந்திய நெசவாளர் பற்றிய நூல் இவ்விடயத்தில் முக்கியமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெசவாளர் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துவிட முடிந்தது என்றும், பிடிக்காவிட்டால் தறியோடு ஊரைவிட்டுப் பெயர்ந்தனர் என்றும், அதனாலேயே அவர்களுக்குப் பேரம்பேசும் பலம் இருந்தது என்றும் அவர் காட்டுகிறார். நெசவாளரை அருகில் வைத்திருக்கும் ஆசையில்தான் 1734இல் கொம்பனி சிந்தாதிரிப்பேட்டையை, அதாவது சின்னத் தறிப் பேட்டையை, உண்டாக்கியது.

அந்நூற்றாண்டின் பின்பாதியில் நிலைமை மாறியது. பிரெஞ்சுக்காரர் தோற்றனர்; நிலவரி வாங்கும் அரசாகக் கொம்பனியே ஆயிற்று. இடைவணிகர் ஒதுக்கப்பட்டு, சம்பளத்துக்கு வைத்த குமாஸ்தாக்கள் நேரடியாக நெசவாளரிடம் சென்றனர். முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஒடுக்கப்பட்டது. தறியில் துணி இருக்கும்போதே அதைப் பார்வையிடச் சேவகர் வந்தனர். இதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோட்டை வாசலில் வைத்துத் துணியைப் பார்ப்பவன் வாங்குபவன். தறிக்குள் நுழைந்து பார்ப்பவனுக்கு வாங்கும் பணம் மட்டும் போதாது, ஆட்சியும் வேண்டியிருந்தது.

(எமது பக்கத்திலும் இதற்கொரு கிளைக்கதை உண்டு. கரைத்துணிகளின் சிவப்புக்கு வேண்டிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டப்பட்டது. ஒல்லாந்தர் அதைத் தம் ஏகபோகமாக வைத்திருந்தனர். கிண்டுவது குறிப்பிட்ட சாதியினர்மேல் சுமத்தப்பட்ட ஊழியம். அது தனியாக எழுதப்பட வேண்டியது.)

இனி ஒரு பெரிய பாய்ச்சல் பாய வேண்டியிருக்கிறது. இன்றைய தரப் பரிசோதகரின் கையிலிருக்கும் அட்டவணை சென்னைக் கோட்டையிலிருந்து வரவில்லை. சிக்காகோவை அடுத்த ஹோதோர்ண் என்ற இடத்திலிருந்த தொலைபேசித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1920களில் அங்கு ஏறத்தாழ 40,000 பேர் வேலை செய்தனர். அவர்களுள் 5,000 பேரளவில் செய்தது, மற்றவர்கள் செய்ததைப் பார்ப்பது மட்டுமே. இந்தச் செலவு நிர்வாகத்தை உறுத்தியது. 1924 மே 16 அன்று வால்ரர் ஷூஹார்ட் என்ற பௌதிகவியலாளர் தம் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பை அனுப்பினார். உற்பத்தியில் ஏற்ற இறக்கம் எப்போதும் இருக்கும்; அதில் தற்செயலானது எது, காரணம் தேடித் திருத்த வேண்டியது எது என்று பிரித்தறிய ஒரு வரைபடம் போதும் என்பது அதன் சாரம். முடிந்த பொருளைப் பொறுக்குவதைவிட, செய்யும்போதே செய்முறையைப் பார்ப்பது என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. அவரது சகாக்களான டொட்ஜும் றோமிக்கும், ஆயிரத்தில் எத்தனையை எடுத்துப் பார்த்தால் மீதியை நம்பலாம் என்பதற்குக் கணிதம் செய்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க இராணுவம் வெடிமருந்தும் தளபாடமும் வாங்க இந்த மாதிரியெடுப்பு முறையைக் கைக்கொண்டது. 1950இல் அது எண் 105 என்ற இராணுவ நியமமாகி, 1963இல் திருத்தப்பட்டு, 1974இல் ஐ.எஸ்.ஓ. 2859 என்ற சர்வதேச நியமமாயிற்று. குண்டுகளுக்கென்று வகுத்த அட்டவணையைக் கொண்டுதான் இன்று குழந்தைச் சட்டையும் பார்க்கப்படுகிறது.

அந்த அட்டவணை இப்படி இயங்கும். ஒரு தொகுதியில் 3,201 முதல் 10,000 வரை சேர்ட்டுகள் இருந்தால், சாதாரண மட்டப் பரிசோதனையில் 200 எடுக்கப்படும். பெரிய குறைகளுக்கு 2.5 என்ற எல்லை வைத்திருந்தால், 200இல் 10 குறை வரைக்கும் தொகுதி தேறும். 11 வந்தால் முழுத்தொகுதியும் தள்ளுபடி. சிறிய குறைகளுக்கு எல்லை 4.0 என்றால் 14 வரை தேறும். ஆளைக் காயப்படுத்தக்கூடிய குறை ஒன்றுகூட இருக்கக்கூடாது. இதில் மந்திரம் எதுவுமில்லை, நேர்மையான கணிதம். ஆனால் இக்கணிதத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. எடுப்பது எழுந்தமானமாக எடுக்கப்பட வேண்டும். எடுக்கப்படும் பொருள், தான் பார்க்கப்படப் போவதை அறியாததாக இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையை நூல்கள் எழுதுவதில்லை. சேர்ட்டுக்கு அறிவில்லை என்பதால் எழுதத் தேவையுமில்லை. ஆயினும் அதே ஹோதோர்ணில், அதே ஆண்டுகளில், இன்னொரு ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. 1924இல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். 1927இலிருந்து தொலைபேசி உறுப்புகளைப் பூட்டும் ஐந்து இளம் பெண்களைத் தனியறையில் இருத்தி, ஓய்வையும் வேலைநேரத்தையும் மாற்றி மாற்றி ஆண்டுக்கணக்கில் அவதானித்தார்கள். கவனிக்கப்படுகிறோம் என்று அறிந்தவர்கள் அதனாலேயே வேறுவிதமாக நடக்கிறார்கள் என்பது அதிலிருந்து பெறப்பட்ட, சமூகவியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த முடிவு. பின்வந்தோர் அப்புள்ளிவிபரங்களை மறுபடி ஆராய்ந்து, அவை அந்த முடிவைத் தாங்கமாட்டா என்று வாதிட்டனர். அந்த விவாதம் ஒருபுறமிருக்கட்டும். ஒரே தொழிற்சாலை பொருளைப் பார்ப்பதற்கும் ஆளைப் பார்ப்பதற்கும் இருவேறு பாடங்களை உலகத்துக்குக் கொடுத்தது. வர்த்தகம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று.

கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. பல்லிழை ஒப்பந்தத்தின் கோட்டாக்கள் ஹொங்கொங்கையும் கொரியாவையும் கட்டிப்போட்டதால் கோட்டா மிஞ்சியிருந்த நாடுகளுக்குத் தையல் இயந்திரங்கள் வந்த கதை பலராலும் எழுதப்பட்டது. அதை விட்டுவிடுகிறேன். வலயத்தினுள் பரிசோதனை எப்படி நடந்தது என்பதை, அங்கு எட்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்து, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இங்கு அகதியாக வந்த மலையகப் பெண்மணி ஒருவரிடமிருந்து அறிந்துகொண்டேன். எங்கள் ஊர்ச் சங்கமொன்றின் சமையற்கட்டில் வெங்காயம் உரித்தபடி அவர் சொன்னவை இவை.

வெட்டுவதற்கு முன் துணி விளக்குமேசையில் ஓடவிடப்படும். தையல் வரிசையில் ஒரு பரிசோதகர் சுற்றிக்கொண்டேயிருப்பார். ஒவ்வொரு இயந்திரத்திலும் சில துண்டுகளை எடுத்துப் பார்த்து, இயந்திரத்துக்கு மேலே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டை தொங்கவிடுவார். வரிசையின் முடிவில் ஒவ்வொன்றும் பார்க்கப்படும். வாங்குபவரின் ஆள், கட்டளையில் ஒரு பங்கு தைத்து முடிந்த நிலையில் ஒருமுறை வருவார். அப்போது பிழை பிடிபட்டால் மீதியைத் திருத்தலாம். எல்லாம் முடிந்து ஐந்தில் நாலு பங்காவது பெட்டியில் ஏறியபின் மறுபடி வருவார். எந்தப் பெட்டியைத் திறப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நல்ல பெட்டிகள் கைக்கெட்டும் இடத்திலும் மற்றவை அடியிலும் இருக்கும்படி அடுக்குவதற்கென்றே கெட்டிக்காரர் இருந்தார்களாம்.

"சிவப்பு அட்டை விழுந்தா அந்தப் புள்ள அன்னைக்குச் சாப்புடாது. லைனே திரும்பிப் பார்க்குமே" என்றார். பிறகு ஊசியைப் பற்றிச் சொன்னார். தைக்கும்போது ஊசி முறிந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். ஒரு சிறு துண்டு குறைந்தாலும் புது ஊசி கிடையாது. காந்தத்தைக் கொண்டு தரையெல்லாம் தடவுவார்கள், தைத்த துணி முழுவதும் உலோகம் காணும் கருவிக்குள் போகும். வாங்குபவரின் பிள்ளைக்குக் குத்திவிடக்கூடாது. நல்ல விதிதான். "ஊசி யார் கைக்குள்ள ஒடைஞ்சிச்சின்னு எழுத அந்தப் புஸ்தகத்துல எடம் இல்லீங்க."

தொண்ணூறுகளில் இந்த இடம் ஏற்படுத்தப்பட்டது என்று சொல்லலாம். நெதர்லாந்தில் 1989இல் தூய ஆடைப் பிரசாரம் தொடங்கியது, 1991இல் லீவை ஸ்ட்ராஸ் கொம்பனி தன் விநியோகஸ்தர்களுக்கென ஒழுக்கக்கோவை எழுதியது, 1997இல் எஸ்.ஏ. 8000 என்ற நியமம் வந்தது. வேலைநேரம், சம்பளம், சிறார் உழைப்பு, தீயணைப்பு எல்லாம் இனிப் பரிசோதிக்கப்படும் என்றார்கள். யார் பரிசோதிப்பது? சரக்கைப் பரிசோதித்துப் பழகிய அதே வகை நிறுவனங்கள். எப்படி? அதே முறையில்: குறித்த நாளில் போய், கேள்விப்பட்டியலை நிரப்பி, சில தொழிலாளரைத் தெரிந்தெடுத்துப் பேசி, தேறியது அல்லது தேறவில்லை என்று எழுதுவது. பெரும்பாலும் கூலி கொடுத்தது பரிசோதிக்கப்படும் தொழிற்சாலைதான். சேர்ட்டு மறைக்காது. முதலாளி மறைப்பார். இரண்டு கணக்குப்புத்தகம் வைப்பார்; அன்றைக்கு மட்டும் கதவுகளைத் திறந்துவைப்பார். கூப்பிட்டுக் கேட்டால் அந்தப் பிள்ளையும் நல்லாயிருக்கிறோம் என்றுதான் சொல்லும், நாளைக்கும் அவளுக்கு வேலை வேண்டும்.

இதன் விலை 2012இல் தெரிந்தது. செப்ரெம்பர் 11 அன்று கராச்சியின் பல்தியா பகுதியில் அலி என்ரர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிரதான கொள்வனவாளர் ஜேர்மனியின் கிக் நிறுவனம். தீ விபத்துக்குச் சில வாரங்கள் முன்னர்தான் இத்தாலிய நிறுவனமொன்று அதற்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் வழங்கியிருந்தது. தீ கப்பம் கேட்டவர்களால் வைக்கப்பட்டது என்று 2020இல் பாகிஸ்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் தீயை யார் வைத்திருந்தாலும், சாளரங்களில் கம்பி அடித்ததும் வழிகளைப் பூட்டியதும் கப்பக்காரர்கள் அல்லர். பாதிக்கப்பட்டோர் டோர்ட்முண்ட் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, காலங்கடந்தது என்ற காரணத்தால் 2019 ஜனவரியில் தள்ளுபடியானது. டோர்ட்முண்ட், நான் பெட்டி பிரித்த அதே ரூர் பிரதேசம்.

மறு ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சவாரில் ரானா பிளாசா சரிந்தது. மாண்டோர் 1,134 பேர். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டு கீழ்த்தளத்து வங்கி மூடப்பட்டிருந்தது. மேல்தளங்களில் தைத்தவர்கள் மட்டும் உள்ளே போகப் பணிக்கப்பட்டனர். அக்கட்டிடத்திலிருந்த தொழிற்சாலைகளிற் சிலவற்றை ஐரோப்பியத் தணிக்கை நிறுவனங்கள் முன்னரே பார்வையிட்டிருந்தன. கட்டிடத்தின் உறுதியைச் சோதிப்பது தம் பணியில் அடங்கவில்லை என்று பின்னர் விளக்கம் வந்தது. சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். பட்டியலில் இல்லாததைப் பரிசோதகர் பார்ப்பதில்லை. பட்டியலை எழுதுபவர் வாங்குபவர்.

ஆகவே பரிசோதனையே பொய் என்று சில நண்பர்கள் முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2013 மேயில் கையெழுத்தான பங்களாதேஷ் தீ, கட்டிடப் பாதுகாப்பு ஒப்பந்தமும் பரிசோதனைதான். ஆனால் அதில் கொள்வனவு நிறுவனங்களுக்கு எதிரே சர்வதேசத் தொழிற்சங்கச் சம்மேளனங்கள் கையெழுத்திட்டன. அது நீதிமன்றுக்குக் கொண்டுபோகக்கூடிய ஒப்பந்தம். பொறியியலாளர்கள் 1,600 அளவிலான தொழிற்சாலைகளைப் பார்த்தனர். அறிக்கைகள் யாரும் வாசிக்கும்படி பகிரங்கமாயின. திருத்தாத தொழிற்சாலையிடமிருந்து வாங்கக்கூடாது. ஒப்பந்தத்தை மீறியதாக இரு கொள்வனவு நிறுவனங்கள்மேல் தொழிற்சங்கங்கள் ஹேக் நகர நடுவர் மன்றுக்குச் சென்றன. இரு வழக்குகளும் இணக்கத்தில் முடிந்தன, ஒன்றில் மட்டும் 23 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது. வெடிப்பைப் பார்க்கத் தெரிந்த கண்ணும், பார்த்ததைச் சொன்னால் ஏதாவது நடக்கும் என்ற பலமும் அங்கு ஒன்றாயிருந்தன.

இதனிலும் ஒருபடி மேலே போனது திண்டுக்கல். 2021 ஜனவரியில் அங்குள்ள ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையொன்றின் இளம் தலித் தொழிலாளி கொலைசெய்யப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர் அவரது மேற்பார்வையாளர். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு துணிநூல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் உற்பத்தியாளரையும் கொள்வனவு நிறுவனத்தையும் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தது. அதன்படி தையல்தளத்திலேயே தொழிலாளர் மத்தியிலிருந்து கண்காணிப்பாளர் பயிற்றப்பட்டனர். வன்முறையையும் சாதி இழிவையும் வரிசைக்குள் இருந்தபடியே கண்டு முறையிடுவது அவர்கள் பணி. உற்பத்தி நடக்கும்போதே பரிசோதிப்பது என்ற பழைய யோசனைதான். தறிக்குள் நுழைந்த சேவகனின் இடத்தில் தறிக்காரியே நின்றாள் என்பதுதான் புதிது.

2009இன் பின் வன்னியிலும் கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. முன்னர் சிங்களக் கிராமத்துப் பெண்களின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கியது கிளிநொச்சிக்கு வந்துவிட்டது. 2011 மேயில் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்காவில் நின்றவர்கள்மேல் பொலிஸ் சுட்டு ஓர் இளைஞர் இறந்தபோது, எமது பத்திரிகைகளில் அதற்கு எவ்வளவு இடம் ஒதுக்கினோம் என்பதை நண்பர்கள் தம்மிடமுள்ள பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம். ஜேர்மனியில் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் சார்பில் முறைப்பாடு செய்ய அது ஒரு வாசலைத் திறந்தது. ஜேர்மன் மொழியும் தமிழும் தெரிந்த எம்மைப் போன்றவர்கள் அந்த வாசலில் செய்யக்கூடிய வேலை உண்டு. கூட்டத்தில் பேச இது துண்டுப்பிரசுரத்திலும் பயனுள்ள விடயம்.

அந்தப் பெண்மணியிடம் கடைசியாக, பைக்குள் கிடந்த 17ஐப் பற்றிக் கேட்டேன். அது பரிசோதித்தவரின் இலக்கம்தானே என்றேன்.

"ஆளு நம்பர் இல்லீங்க, அது மேசை நம்பர். ஆளு போயிட்டா அடுத்த ஆளு அதுல வந்து நிக்கும், நம்பர் மாறாது" என்றார். வெங்காயச் சட்டியை அடுப்புப் பக்கம் தள்ளிவிட்டு, அது என்ன நிறச் சேர்ட்டு என்று விசாரித்தார். எனக்கு நினைவில்லை.